இடுப்பு வலி என்றால் எந்த வலி?

எங்கள் காலத்தில் ஒரு கர்ப்பிணி "இடுப்பு வலிக்குது" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் வெந்நீர் வைத்துவிடுவார்கள். ஆண்கள் வண்டி கட்டப் போவார்கள். பழைய புடவையைக் கிழித்து மடித்துப் பைக்குள் திணிப்பார்கள். ஏழாம் மாதமா, ஒன்பதாம் மாதமா என்று யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாங்களும் அப்படித்தான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பிரசவ அறைக் கதவைத் திறந்துவிடுவோம்.

இப்போது மணவாள நகரில் என் தெருவிலேயே ஒரு நர்ஸ் பெண் இருக்கிறாள். போன மாதம் அவள் ஒரு பட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். இடுப்பு மூட்டு வலிக்கிற கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதாம். அழகாக ஒட்டிக்கொள்கிறது, இழுத்தால் இறுகுகிறது. "இதெல்லாம் உங்க காலத்துல ஏது ஆன்ட்டி" என்றாள். "பட்டை இல்லம்மா. காடாத் துணி இருந்தது, டாக்டர் சுலோசனா இருந்தாங்க" என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கேட்டு முடித்ததும், இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா திருவள்ளூர்ப் பக்கம் நிலத்தில் கூலி வேலை செய்தவர். என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்கவைத்தார். சென்னையில் மிட்வைஃப் பயிற்சி முடித்து, அறுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியில் பிள்ளை எப்படித் திரும்புகிறது, தலை எப்படி இறங்குகிறது என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையைச் சுமக்கிறவள் எப்படி நடக்கிறாள், எப்படிப் புரண்டு படுக்கிறாள் என்பதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. அதை டாக்டர் சுலோசனாவிடம்தான் கற்றேன்.

அவர் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். சின்னவரோ பெரியவரோ, ஆண்கள் எல்லோரும் அவருக்கு நைனா. பேச்சு குறைவு. அறையில் மேஜை நாற்காலி இருந்தாலும் அவர் உட்காருவது ஒரு குட்டை முக்காலியில்தான். உள்ளே வருகிற பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் பாதங்களைப் பார்ப்பார். "உட்காரும்மா" என்று சொல்லமாட்டார். "அந்த ஜன்னல் வரைக்கும் போய் வா தாயீ" என்பார். அவள் போவதையும் வருவதையும் முக்காலியில் இருந்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டே பார்ப்பார். முதலில் எனக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. கடலைத் தோலைப் பொறுக்கிக் கொட்டும் வேலை வேறு என் தலையில்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு காலை வேளை, மாட்டு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. கர்ப்பிணிப் பெண், அவள் மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார், ஒரு சுருட்டிய பாய், கால் கட்டிய கோழி. பிரசவமானதும் ரசம் வைத்துக் கொடுக்கக் கோழியோடு வந்துவிட்டார்கள். "இடுப்பு வலி எடுத்துட்ச்சி நர்சம்மா" என்று மாமனார் வண்டியிலிருந்தே குரல் கொடுத்தார். நான் பிரசவ அறைக்கு ஓடினேன். வெந்நீர், கத்தரிக்கோல், கையுறை எல்லாம் தயார்.

டாக்டர் வந்து வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தார். வெகு நேரம் வைத்திருந்தார். வயிறு இறுகவே இல்லை. கையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம், "எதைச் செய்யும்போது வலிக்குது?" என்று கேட்டார்.

எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் எதைச் செய்யும்போது என்று கேட்டது எனக்குப் புதிதாக இருந்தது.

"பொரண்டு படுத்தா வலிக்குதும்மா. குந்தி எய்ந்தாலும் வலிக்குது. வண்டில ஏறசொல்ல உசுரே பூட்ச்சி."

"சும்மா படுத்திருந்தா?"

"அப்ப இல்ல."

"எந்த எடம்னு ஒத்த விரலால காட்டு."

அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். டாக்டர் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தன் புடவை மேலேயே அடிவயிற்றுக்குக் கீழே எலும்பு தட்டுகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். "இங்கயா? இல்ல பின்னால, இந்தக் குழி விழற எடமா?" அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இரண்டு இடத்தையும் காட்டினாள்.

டாக்டர் எனக்கு விளக்கியது இதுதான். இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்னால் ஒரு மூட்டு, பின்னால் இரண்டு. மற்ற நாட்களில் அவை அசைவதே தெரியாது. வயிற்றில் பிள்ளை வந்ததும், அது வெளியே வர வழி விடுவதற்காக உடம்பே அந்த மூட்டுகளைச் சுற்றியுள்ள நார்களைத் தளர்த்துகிறது. சிலருக்கு அந்தத் தளர்ச்சி கொஞ்சம் கூடிப்போகும், அல்லது ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் அசையும். ஒற்றைக் காலில் நின்றால், காலை அகட்டினால், புரண்டால் வலிக்கும். பிரசவ நோவு வேறு, இது வேறு. பிள்ளைக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் சுமப்பவளுக்கு இது நிஜமான வலி.

வெளியே வந்து மாமனாரிடம் சொன்னார். அவருக்குப் பெரிய ஏமாற்றம். "அப்ப கொயந்த?"

"அது அதோட நேரத்துக்கு வரும் நைனா. கோழியை இப்பவே அறுத்துடாதீங்க."

அவர்கள் கிளம்பிய பிறகு கூட்டப் போன ஆயா, கட்டிலுக்கடியில் ஒரு முட்டை கிடப்பதைக் கண்டாள். அன்று எங்கள் வார்டில் பிறந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு டாக்டர் ஒரு சட்டம் போட்டார். வார்டில் யாரும் "இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது. முன்னாலா, பின்னாலா, விட்டுவிட்டு வருகிறதா, எதைச் செய்தால் வருகிறது என்று கேட்டுத்தான் சொல்லவேண்டும். நான் கேட்காமல் போய் நின்றால், "எஸ்தரு, எந்த வலி?" என்பார், கடலை உரித்தபடியே. பதில் இல்லையென்றால் திரும்ப நடக்கவேண்டியதுதான்.

இனி தேசம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவளை நினைக்காமல் இந்த வேலையை என்னால் நினைக்க முடியாது.

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்கு நான் தடுப்பூசி போடப் போவதுண்டு. ஒரு முறை ஒரு வீட்டுக்குள் இளம்பெண் ஒருத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தரையிலேயே தேய்த்துத் தேய்த்துப் பக்கவாட்டில் நகர்ந்து வந்தாள். அவள்தான் தேசம்மா. முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்திருந்தது. நல்ல எடையுள்ள பையன், கஷ்டமான பிரசவம். பிள்ளை தவழத் தொடங்கும் வயசாகியும் தாய்க்கு நடை வரவில்லை. கூடை சுமந்து மீன் விற்கப் போகிற பெண் அவள். இப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக்கூட வர முடியாது.

மாமியார் கன்னியம்மா வாசலில் வலை நூல் பிரித்துக்கொண்டிருந்தார். "நாங்கல்லாம் பெக்கலயா? நாங்கல்லாம் நடக்கலயா? அல்லாம் நடிப்பு நர்சம்மா. வேல செய்ய வலிக்குது அவளுக்கு."

புருஷன் ஏழுமலை பக்கத்தில் நின்றிருந்தான். அம்மா எழுந்து உள்ளே போனதும் மெல்ல வந்து, "ஊர்ல இன்னான்னாவோ சொல்றாங்க. காத்து கருப்புன்றாங்க. அவ ஆத்தா ஊட்டுக்கு அனுப்பிட்டு வேற பாருன்றாங்க. எனுக்கு மனசு கேக்கல" என்றான். அவனுக்கு இருபத்துச் சொச்சம் வயதுதான் இருக்கும். கண் கலங்கியிருந்தது.

டாக்டரிடம் வந்து சொன்னேன். அன்று அவர் கடலை உரிக்கவில்லை. "காய்ச்சல் இருக்கா? கால் மரத்துப் போகுதா? மூத்திரம் தடையில்லாம போகுதா?" என்று கேட்டார். முதுகெலும்பில் காசநோய் இருந்தாலும் இப்படி நடக்கலாம், அதனால் பார்க்காமல் சொல்லக்கூடாது என்றார். "கூட்டிட்டு வா. ஆனா முட்டியை அகட்டித் தூக்கக்கூடாது. தொடை எலும்பு மேல முட்டுற எடத்துல, துணியை அகலமா மடிச்சு இறுக்கிக் கட்டு. வயித்துல கட்டாத. அது எல்லாரும் கட்டறது. இன்னும் கீழ." என் இடுப்பிலேயே கட்டிக் காட்டினார். நான் அதோடு வார்டு முழுக்க நடந்து பார்த்தேன்.

மறுபடி குப்பத்துக்குப் போனேன், ஆனால் ஏரியைக் கடக்கும் படகில்தான் சிக்கல் இருந்தது. தேசம்மா முன்பே ஆஸ்பத்திரிக்கு வர முயன்றிருக்கிறாள். படகு விளிம்பைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியதும் அலறிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அன்றிலிருந்து படகுப் பக்கமே போகவில்லை. நான் துணியை மடித்துக் கீழே இறக்கிக் கட்டினேன். நின்று பார்த்தவள், "பரவால்ல நர்சம்மா, கொஞ்சம் புடிப்பா கீது" என்றாள். ஆனால் படகைக் கண்டதும் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஏழுமலை கொஞ்ச நேரம் படகையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு விசிலடித்து ஆட்களைக் கூப்பிட்டான். அவள் படகுக்குப் போக முடியாது என்றால் படகு அவளிடம் வரட்டும் என்பது அவன் முடிவு. எல்லோருமாகப் படகைக் கரையேற்றி, மணலில் இழுத்து, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். விளிம்புக்குச் சரியாக ஒரு மரப்பெட்டியைப் போட்டார்கள். தேசம்மா பெட்டியில் உட்கார்ந்தாள், அங்கிருந்து விளிம்புக்கு நகர்ந்தாள். "ரெண்டு காலையும் ஒட்டினாப்பலயே வெச்சிக்கினு அப்பிடியே திரும்பு" என்றேன். நான் பாதத்தைத் தாங்க, மீன் வாலைத் திருப்புகிற மாதிரி இரண்டு காலும் ஒன்றாக உள்ளே போயின. அவள் கத்தவில்லை. கத்தவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவளோடும் பிள்ளையோடும் சேர்த்துப் படகைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். சாமி ஊர்வலம் போகிற மாதிரி குப்பமே கூட வந்தது. கன்னியம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் ஏறிக்கொண்டார்.

டாக்டர் தேசம்மாவைப் பரிசோதித்த விதம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. முதலில் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டிப் பார்த்தார். கால் விரல்களை அசைக்கச் சொன்னார். உள்ளங்காலில் கீறிப் பார்த்தார். முன் மூட்டில் விரல் வைத்ததும் தேசம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கையை எடுக்காமல், அழுத்தாமல், அப்படியே வைத்திருந்தார். "சரி, சரி. தெரிஞ்சுபோச்சு."

பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, "முட்டியை மடக்காம வலது காலை ஒரு சாண் தூக்கு தாயீ" என்றார். தேசம்மா பல்லைக் கடித்தாள். முகமெல்லாம் வியர்த்தது. குதிகால் படுக்கையை விட்டு எழவில்லை.

"எஸ்தரு, இந்தப் பக்கம் வா." நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இடுப்பின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து உள்நோக்கி அழுத்தினோம். "இப்ப தூக்கு."

கால் எழுந்தது. தேசம்மா தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தாள். கையை எடுத்தோம், கால் இறங்கியது. அழுத்தினோம், எழுந்தது. மூன்றாம் முறை அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "கையை எடுக்காதிங்கம்மா, இப்பிடியே ஊட்டுக்கு வந்துடுங்க" என்றாள்.

வாசலில் நின்ற ஏழுமலையை டாக்டர் உள்ளே கூப்பிட்டு வளையம், மூட்டு, நார் என்று சொல்ல ஆரம்பித்தார். அவன் பாதியிலேயே தலையாட்டினான். "கட்டுமரத்துல கவுறு தளந்தா கட்டையும் கட்டையும் தேய்ஞ்சிக்கும். அது மாதிரிங்களா?"

"அதேதான் நைனா. கட்டை நல்லாத்தான் இருக்கு. கயிறைத்தான் பார்க்கணும்."

சென்னைக்கு அனுப்பி எக்ஸ்ரே படம் எடுத்தோம். முன் மூட்டில் இடைவெளி அதிகமாக இருந்தது. காசநோய் இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பொறுமையும் ஒழுங்கும்தான். அவளை வார்டிலேயே தங்கவைத்து, தினமும் காலையில் காடாத் துணியை அகலமாக மடித்து இடுப்பின் கீழ்ப்பகுதியில் இறுக்கிக் கட்டுவேன். புரளும்போது முட்டி இரண்டையும் ஒட்டிக்கொண்டு தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பவேண்டும். தூங்கும்போது முட்டிகளுக்கு நடுவே தலையணை. பாவாடையை உட்கார்ந்துதான் கட்டவேண்டும், ஒற்றைக் காலில் நிற்கவே கூடாது. பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் இடுக்கிக்கொள்ளக்கூடாது, மார்போடு அணைத்துத்தான் தூக்கவேண்டும். குந்தி உட்கார்ந்து அடுப்பு ஊதக்கூடாது. அதே சமயம் படுத்தே கிடக்கவும் டாக்டர் விடவில்லை. தலையணையை முட்டிகளால் நெருக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைக் கொஞ்சமாகத் தூக்கி இறக்குவது, சின்னச் சின்ன அடியாக வராந்தாவில் நடப்பது. வலி கூடினால் அன்று குறைக்கவேண்டும், நிறுத்தக்கூடாது.

கூட இருந்த கன்னியம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் காலை நாஷ்டாவில் உப்பில்லை என்றார். "மீனு வாசன இல்லாம இன்னா சோறு" என்றார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் துணி கட்டும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, எந்த இடத்தில் கட்டுகிறேன் என்று உற்றுப் பார்ப்பார். ஒரு நாள் நான் வருவதற்குள் அவரே மருமகளுக்குக் கட்டிவிட்டிருந்தார். பிடி என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் தேசம்மா வீட்டுக்குப் போனாள். அப்போதும் கொஞ்சம் வலி மிச்சமிருந்தது. அடுத்த கோடையில் அவள் மீன் கூடையோடு பேருந்திலிருந்து இறங்குவதை நானே பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் கூடையை இறக்கி, டாக்டருக்கென்று இறாலைத் தனியாக எடுத்துவைத்தாள். டாக்டர் சைவம். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

எழுபதுகளில் எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். அந்தப் புழுதியில் ஒரு நாள் ஏழுமலை, தேசம்மா, கன்னியம்மா மூவரும் வந்து இறங்கினார்கள். தேசம்மா மறுபடி கர்ப்பம். "மறுக்கா வந்துடுமாம்மா?" என்று கேட்டாள். குரலில் பயம் இருந்தது.

"வரலாம்" என்றார் டாக்டர். பொய் சொல்லமாட்டார். "ஆனா இந்தத் தடவை அது வரும்னு நமக்குத் தெரியும். நீயும் முதல்லயே வந்துட்ட."

ஆறாம் மாதத்திலேயே துணி கட்டத் தொடங்கினோம். பிரசவத்துக்கு முன்னால் டாக்டர் அவளைப் படுக்கவைத்து, முட்டிகளை வலிக்காமல் எவ்வளவு அகட்ட முடிகிறது என்று பார்த்தார். அந்த இடைவெளி அவருடைய முழங்கை முதல் விரல் நுனி வரை சரியாக வந்தது. "இதுதான் அளவு எஸ்தரு. நோவு வந்தப்புறம் அவளுக்குத் தெரியாது, அகட்டிடுவா. நாமதான் பார்க்கணும்."

பிரசவம் ஒரு பகல் வேளையில். மல்லாக்கக் கிடத்திக் காலைத் தூக்கிக் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். அன்று டாக்டர் அவளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மேல் காலைத் தாங்க ஒரு ஆள் வேண்டும். எனக்கோ கீழே வேலை. டாக்டர் கதவைத் திறந்து கன்னியம்மாவைக் கூப்பிட்டார். "கை கழுவிட்டு வாங்க. இந்தக் காலைப் பிடிங்க. என் முழங்கை அளவுக்கு மேல போகக்கூடாது."

கன்னியம்மா பிடித்தார். நோவு வந்து தேசம்மா துடித்தபோதும் அந்தக் கை அசையவில்லை. அவசரத்தில் நான் ஒரு முறை முட்டியைக் கொஞ்சம் தள்ளினேன். "ஏய் நர்சம்மா, அளவு தாண்டுது, உடு" என்று என்னையே அதட்டினார். டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்த பிறகும் கன்னியம்மா காலைக் கீழே வைக்கவில்லை. டாக்டர்தான் மெல்ல வாங்கி, இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்தார்.

மறுநாள் தேசம்மா கட்டிலை விட்டு இறங்கினாள். துணி கட்டியிருந்தது. ஜன்னல் வரை போய் வந்தாள். வலி இருந்தது, ஆனால் பாதம் தரையை விட்டு எழுந்தது. போன தடவை அப்படி இல்லை. டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கடலை டப்பாவைத் திறந்தார்.

அப்போது கன்னியம்மா என் பக்கம் வந்தார். குரல் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருந்தது. "நர்சம்மா, அந்தத் துணி இன்னொண்ணு கீதா?"

"யாருக்கு?"

அவர் ஒரு கையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். டாக்டர் டப்பாவை மூடினார். "ஜன்னல் வரைக்கும் போய் வாங்கம்மா" என்றார்.

கன்னியம்மா நடந்தார். இத்தனை வருஷம் பார்த்த பெண்மணிதான். அன்றுதான் நான் அவர் பாதத்தைப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். நான் அதை வயசு என்று நினைத்திருந்தேன்.

"எப்பலேர்ந்து?" என்றார் டாக்டர்.

"இவன் பொறந்ததிலேர்ந்து." ஏழுமலையைத்தான் சொன்னார். "ரெண்டு வர்சம் நண்டு மாதிரி நடந்தேன். ஊர்ல நண்டுன்னே பேரு வெச்சிட்டானுங்க. எங்க ஊட்டுக்காரரு நடிக்கிறேன்னாரு. மாமியாரு நடிக்கிறேன்னாங்க. சொல்லிச் சொல்லி எனுக்கே அப்பிடித்தான் போலன்னு ஆயிட்ச்சி. அப்பறம் கொறஞ்சிது. பொரண்டு படுத்தா இப்பவும் கீது."

டாக்டர் அவரைப் படுக்கவைத்தார். முதுகைத் தட்டிப் பார்த்தார், இடுப்பைத் திருப்பிப் பார்த்தார், தேசம்மாவுக்குச் செய்த சோதனையில் எதையும் குறைக்கவில்லை. "இடது காலை ஒரு சாண் தூக்குங்க." கால் பாதி எழுந்து நடுங்கியது. நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்தினோம். "இப்ப."

கால் நடுக்கமில்லாமல் எழுந்தது. கன்னியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கவில்லை.

"அப்ப நான் நடிக்கல" என்றார்.

"இல்லம்மா. நீங்க நடிக்கல."

தேசம்மா குழந்தையை மார்போடு அணைத்தபடி கட்டிலிலிருந்து எட்டி மாமியார் தோளில் கை வைத்தாள். கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, அவருக்கே உரிய பழைய குரலில் சொன்னார்:

"எங்க ஊட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு, தப்பிச்சாரு. இல்லாங்காட்டி இன்னிக்கே படவுல போட்டு இங்க இட்டாந்து இந்தக் காலக் காட்டிருப்பேன். கட்டு நர்சம்மா, நல்லா இறுக்கிக் கட்டு."